ஒத்திகையில் அழுதவர்

1

இந்தக் கதையை எழுத நான் உட்காரவில்லை. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேறொரு கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் ஒரு பெரிய ஆள் ஓவென்று அழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அண்ணன். எதிரே அவனுடைய மூன்றரை வயது மகள் நின்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அழக்கூடாது. இந்தா, இத வெச்சுக்கோ. மணி அடிச்சதும் அம்மா வந்துடுவாங்க."

அவள் நீட்டியது அடுக்கி விளையாடும் ஒரு சிவப்பு மரக்கட்டை. என் பழைய கதை அன்றோடு கிடப்புக்குப் போனது.

2

எப்படித் தொடங்குவது? 'அந்தச் சிறுமியின் கண்களில் ஒரு புதிய உலகம்...' வேண்டாம். காலையில் அந்தக் கண்களில் நான் பார்த்ததெல்லாம் பீளைதான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். மகளை வீட்டில் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவோம். போன தடவை மழலையர் பள்ளியில் விட்டபோது வாந்தி வரும்வரை அழுதாள். "கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையும் ஒட்டவில்லையென்றால் அண்ணி நர்ஸ் வேலையை விட வேண்டியதுதான். அண்ணிக்கு அந்த வேலை என்றால் உயிர்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். புது லிஃப்டை முதலில் காலியாக ஓட்டுவான், அப்புறம் இரும்பு எடைகளை ஏற்றி ஓட்டுவான், கடைசியில்தான் ஆட்கள். வீட்டிலும் அதே முறை. சாயங்காலமானால் பள்ளிக்குப் போகும் ஒத்திகை: செருப்பைக் கழற்றி வைப்பது, பையை மாட்டுவது, டாட்டா காட்டுவது.

[அண்ணன் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு பொறுமையான அப்பாவை யார் நம்புவார்கள்? ஒரு கெட்ட குணம் சேர்க்கிறேன்: ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவான். போதும்.]

3

இங்கேதான் அண்ணன் கோட்டை விட்டான். ஒத்திகையில் மேனேஜர் எப்போதும் டீச்சர். வேறு வேஷம் கொடுத்தால் ஆட்டத்துக்கே வரமாட்டாள். அதனால் பிள்ளையாக நடித்ததும், அழுததும், சமாதானமானதும் அண்ணன்தான்.*

* இதைக் கண்டுபிடித்தது அண்ணி. வேலை முடிந்து வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாவே தேறிட்டீங்க. உங்கள கண்டிப்பா சேத்துக்குவாங்க."

4

பள்ளியின் முதல் நாள் அண்ணிக்குக் காலை ஷிஃப்ட். அண்ணனோடு நான் போனேன்.

வகுப்பு வாசலில் மேனேஜர் செருப்பை ஜோடியாக வைத்தாள். பையைக் கொக்கியில் மாட்டினாள். அண்ணன் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு டாட்டா காட்டினான். அவள் அவன் விரலை விடவில்லை. போச்சு என்று நினைத்தேன்.

"அழு," என்றாள்.

"என்னடா?"

"நீ இன்னும் அழவே இல்லையே. அழுதாத்தானே நான் உள்ள போகணும்?"

பின்னால் மற்ற பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளேயிருந்து நிஜ டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கூச்சத்தோடு குனிந்து, "ஊ..." என்று மெதுவாக ஆரம்பித்தான். வீட்டில் செய்வது மாதிரியேதான் ஆரம்பித்தான். அப்புறம் அது நிற்கவில்லை.

மேனேஜருக்குத் திருப்தி. பாவாடைப் பையிலிருந்து சிவப்புக் கட்டையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"தம்பி, அழக்கூடாது. மணி அடிச்சதும் அம்மா வந்துடுவாங்க."

உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

5

முடிவு ஒன்று: அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய் மற்ற குழந்தைகளோடு... [பொய். கதவு மூடியிருந்தது.]

முடிவு இரண்டு: உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. [நிஜம். எந்தக் குழந்தை என்று தெரியவில்லை.]

"சும்மா நடிச்சேன்," என்றான் அண்ணன்.

"நடிச்சா மூக்கு ஒழுகாதுண்ணா."

கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி உண்டு. பெரியவர்கள் பார்க்கக் கூடாதென்று முக்கால்வாசி வண்ணத்தாள் ஒட்டியிருந்தார்கள். எக்கி நின்றால் தெரியும். அண்ணன் எக்கவில்லை. கட்டையை இறுக்கிப் பிடித்தபடி சுவரோரமாக நின்றான். மணி அடிக்கும் என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

நானும் எக்கப்போவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் எட்டிப் பாருங்கள். மணி அடிக்கும்வரை அண்ணனிடம் மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.