எட்டாம் நம்பர் பலகை

ஹார்லன் புதுத் துப்பாக்கி வாங்கிய செய்தி, துப்பாக்கிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே ஊர் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. டிராக்டர் விற்கும் கடையில் மேலாளர் வேலை அவனுக்கு. கலப்பை வாங்க வந்தவன், உதிரிச் சாமான் கேட்டு வந்தவன், வழி கேட்டு நின்ற லாரிக்காரன் என்று ஒருவரையும் விடவில்லை. எல்லாருக்கும் அந்தத் துப்பாக்கியின் குழல் எந்த எஃகில் செய்தது, ஸ்கோப் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பாடம் நடந்தது. லாரிக்காரன் பாவம், வழி தெரியாமலே போனான்.

அந்தத் துப்பாக்கி கடைசியில் வந்து இறங்கிய இடம் ரோண்டாவின் கராஜ். ரோண்டா அவன் மனைவி லொரெய்னின் தங்கை. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் அந்த மூலையில் பண்ணை பண்ணையாகப் போய்த் தபால் போடுகிறவள். மாலையில் கராஜில் விளக்கைப் போட்டுக்கொண்டு பாதி மாவட்டத்தின் துப்பாக்கிகளுக்கு ஸ்கோப் பொருத்திக் கொடுப்பாள். நன்றாகச் சுடுவாள். நன்றாகச் சுட்டு என்ன பயன்? கிளப்பின் நால்வர் அணியில் பதினோரு வருஷமாக அவள் மாற்று ஆள். தேசியப் போட்டிக்கு ஒவ்வொரு ஆகஸ்டும் போவாள், மற்றவர்களுக்குக் காற்று பார்த்துச் சொல்வாள், தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள், ஒரு குண்டும் சுடாமல் திரும்பி வருவாள்.

இந்த வருஷம் அணியில் ஒருவருக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை. நான்காவது இடம் காலி. ரோண்டாவா, ஹார்லனா? ஆயிரம் கஜத்தில், பக்கத்துப் பக்கத்துப் பலகையில், ஆளுக்கு இருபது குண்டு சுட வேண்டும், அதிகம் எடுத்தவருக்கு இடம் என்று கிளப் முடிவு செய்திருந்தது. ரோண்டாவுக்கு அந்த இடம் வேண்டும். கேட்டால் தோள் குலுக்குவாளே தவிர, மனசுக்குள் அவள் வேறெதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

எதிராளியின் துப்பாக்கியை அவளே தயார் செய்து தருவானேன்? லொரெய்ன் போனில் கெஞ்சினாள், அது ஒன்று. இன்னொன்று, தோற்ற பிறகு ஹார்லன் சொல்ல ஒரு சாக்கும் மிச்சம் இருக்கக்கூடாது என்று ரோண்டா நினைத்தாள். அவனைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் வைத்திருந்தாள், பாருங்கள்.

ஸ்கோப்பைச் சமையலறை மேஜையில் வைத்து அவனே ஒருமுறை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். ரோண்டா கண்ணை வைத்துப் பார்த்தாள். குறுக்குக் கோடு குடித்தவன் மாதிரி ஒருபக்கம் சாய்ந்து நின்றது.

"இதை யாரு மாட்டினது? வீட்டுல நாய் கீய் வளக்குறீங்களா?"

"கண்ணளவுல கரெக்டா தான் வெச்சேன்."

"கண்ணளவா! திருகை எவ்வளவு முறுக்கினே?"

"நகராத அளவுக்கு. ஆம்பள கை."

"ஆம்பள கை வளையத்தைக் கடிச்சு வெச்சிருக்கு பாரு. ஸ்கோப்பு உடம்புல தழும்பே விழுந்திருக்கு."

"கொழுந்தியாளே, திருகு முடுக்குறதுக்கு இவ்வளவு பேச்சா? சுடுறவன் சுட்டா எல்லாம் சரியா வரும்."

அவள் எல்லாவற்றையும் கழற்றினாள். குழலைக் கட்டையில் உட்கார வைத்து, முறுக்கை அளந்து காட்டும் சாவியால் திருகுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, கராஜின் எதிர்ச்சுவரில் கொத்தனார் போலத் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் நெடுக்குக் கோடு அந்தக் கயிற்றோடு கயிறாகப் படியும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். ஹார்லனைப் படுக்க வைத்து, அவன் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தைச் சரிபார்த்தாள். படுத்த இடத்திலும் அவன் வாய் ஓயவில்லை.

கடைசித் திருகு கையில் இருந்தபோது அவன் உள்ளே போய் பீர் எடுத்துக்கொண்டிருந்தான். அதை அரைச் சுற்று தளர்த்தி விட்டால் போதும். பத்துக் குண்டுக்கு மேல் ஸ்கோப் நகர ஆரம்பிக்கும், ஒருவருக்கும் தெரியாது. ரோண்டாவுக்கு அந்த எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தன் கையால் ஒரு மோசமான வேலை வெளியே போவதை அவளால் பொறுக்க முடியாது. சரியான முறுக்குக்கு முடுக்கி, ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் பக்கத்து உலோகம்வரை சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தாள். திருகு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் நூறு கஜத்தில் ஜீரோ பார்த்தார்கள். குறி வைக்கும் இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்கிற வேலை. ஹார்லன் சுட்டால் குண்டு ஊரெல்லாம் விழுந்தது. விசையை அவன் அமுக்கவில்லை, அறைந்தான். கடைசியில் ரோண்டா படுத்து ஐந்து சுட்டாள். ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின. டயலைத் தளர்த்தி ஜீரோவில் வைத்து இறுக்கிக் கொடுத்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. மடங்கை முழுசா ஏத்தி வெச்சுச் சுடாத. இருபதுல வை. அப்பத்தான் பலகைக்குக் கீழ இருக்கிற நம்பர் தெரியும்."

"முப்பத்தஞ்சு மடங்கு எதுக்கு வாங்கினேன்? பொட்டியில வெச்சுப் பூட்டவா?"

அவள் சாமான்களை எடுத்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், அவன் கத்தரிக்கோலால் அந்த ஐந்து ஓட்டைகளையும் காகிதத்தோடு வெட்டிப் பர்சுக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த வாரம் அவள் தீவனக் கடைக்குத் தபால் கொடுக்கப் போனால், அங்கே கூட்டத்தின் நடுவில் அந்தக் காகிதத்தைக் கைக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான். "சும்மா படுத்தேன், தட்டினேன், அவ்வளவுதான்" என்றான். ரோண்டாவைப் பார்த்தும் ஒரு கூச்சம் இல்லை, கண்ணடித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தபாலை மேஜையில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

போட்டி நாள் காலையில் மேற்கிலிருந்து காற்று. புல்வெளி முழுக்கக் கொடிகள் படபடத்தன. பின்னால் நீளமான மேஜையில் இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்புப் பானைகளும் பட்டைத்தூள் போட்ட இனிப்பு ரொட்டித் தட்டுகளும் வந்து இறங்கின. பார்க்க ஒரு முப்பது பேர். ரோண்டாவுக்கு எட்டாம் நம்பர் பலகை, ஹார்லனுக்கு ஏழு. அவள் துப்பாக்கி பழசு, பல வருஷம் சுட்டுத் தேய்ந்த குழல்.

சுட ஆரம்பித்ததும் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. ஹார்லனின் துப்பாக்கி தானாகவே சுடுகிறது. இவன் விசையை அறைந்தாலும் அது மன்னித்தது. பத்து, பத்து, ஒன்பது, பத்து. பதிமூன்று குண்டில் அவன் நூற்றிருபத்தெட்டு, ரோண்டா நூற்றிருபது. தான் முடுக்கிய திருகுகள் தன்னையே தோற்கடிப்பதைப் பக்கத்தில் படுத்துப் பார்க்கிற கொடுமை லேசானதல்ல.

பதினாலாவது குண்டில் ரோண்டாவுக்கு மூச்சு பிசகியது. குண்டு கீழே இறங்கிவிட்டது என்று விசை அமுங்கும்போதே தெரியும், எட்டுக்கு மேல் கிடைக்காது. குண்டு பட்ட பலகையைக் கீழே இறக்கி ஓட்டை பார்ப்பது முறை. அவள் பலகை இறங்குமுன் ஹார்லனும் சுட்டான். அவள் பலகை இறங்கியது. அவனுடையது அசையாமல் நின்றது.

பலகைகளை ஏற்றி இறக்கும் குழியிலிருந்து ரேடியோ கரகரத்தது. "எட்டாம் நம்பர்ல ரெண்டு ஓட்டை. ஒண்ணு கீழ எட்டுல. இன்னொண்ணு நட்டநடு பத்து. ஏழுல ஒண்ணும் இல்ல, சுத்தம்."

கூட்டத்தில் ஒரு முனகல். பக்கத்துப் பலகையைச் சுடுவது இந்த விளையாட்டில் நல்லவர்களுக்கும் நடக்கிற அசிங்கம். போன வருஷம் டுவைட் என்கிற சாதுவான கால்நடை வைத்தியருக்கு நடந்தது. அன்றிலிருந்து ஹார்லன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. "என்ன, பக்கத்து வீட்டுக்காரரே?" என்பான், சர்ச் வாசலில்கூட.

ஹார்லன் துள்ளி எழுந்தான். "ஸ்கோப் நகந்துடுச்சு! நிறுத்துங்க! இவதான் மாட்டினா. என் இடத்தைப் பிடிக்கிறதுக்கு வேணும்னே லூசா விட்டிருக்கா!"

முப்பது பேர் முன்னால் சொன்னான். ரோண்டாவுக்கு முகம் கொதித்தது. அந்தக் கராஜில், கடைசித் திருகைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளே, அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது. அடித்துவிடலாமா என்றிருந்தது.

போட்டியை நடத்துகிற வெண்டெல் மெல்ல வந்து குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, திருகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆறு கோடு. ஆறும் உடையல. ஹார்லன், உன் ஸ்கோப்பு எத்தனையில இருக்கு?"

"முப்பத்தஞ்சு."

"அதுல நம்பர் தெரியுதா?"

ஹார்லன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. படு. மிச்சத்தைச் சுடு."

படுத்தான். ஒரு டயலையும் தொடாமல் அடுத்த குண்டை ஏழாம் பலகையின் நட்டநடுவில் போட்டான். நகர்ந்துபோன ஸ்கோப் அது! பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆறு குண்டில் அவன் ஐம்பத்தேழு எடுத்தான், ரோண்டா ஐம்பத்தாறு.

வெண்டெல் இரண்டு அட்டைகளோடு வந்தார். இன்னும் கூட்டவில்லை. பதினாலாவது கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துப் பலகையைச் சுட்டவர் எல்லாரும் கேட்க "அது என்னோடது" என்று சொல்லிவிட்டால், பலகைக்காரர் தன் சொந்தக் குண்டையே எடுத்துக்கொள்வார். அடுத்தவன் பத்தை இதுவரை ஒருவரும் தொட்டதில்லை. யாரும் சொல்லாவிட்டால் அது அனாதைக் குண்டு. விதிப்படி இரண்டில் பெரியது பலகைக்காரருக்கு. எப்படியானாலும் மாறிச் சுட்டவருக்குப் பூஜ்யம்தான்.

ரோண்டா எழுந்து, முழங்கைப் புழுதியைத் தட்டினாள். "ஹார்லன், அந்தப் பத்து உன்னோடதா?"

"நானா? நான் இருபது வருஷமா சுடுறேன்."

"இருபது வருஷம் இருக்கட்டும். இந்தக் குண்டு உன்னோடதா?"

ஹார்லன் பின்னால் பார்த்தான். டுவைட் அங்கே கையைக் கட்டிக்கொண்டு, மிகுந்த ஆர்வத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"நான் பக்கத்துப் பலகையைச் சுடுற ஆளு இல்ல. என் குண்டு காத்துல போச்சு."

"கடைசியா கேக்குறேன். என்னோடது கீழ இருக்கிற எட்டு. மேல இருக்கிறது யாருது?"

"எனக்கென்ன தெரியும்? என்னோடது இல்ல. எழுதிக்கங்க."

வெண்டெல் எழுதிக்கொண்டார். ரோண்டா கட்டத்தில் பத்து. ஹார்லன் கட்டத்தில் பூஜ்யம். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஹார்லன் பெரிதாகச் சுழித்துப் போட்டான். பிறகுதான் கூட்டினார்கள். ஹார்லன் நூற்றெண்பத்தைந்து. ரோண்டா நூற்றெண்பத்தாறு.

கணக்கு டிராக்டர் விற்கிறவனுக்குச் சட்டென்று வரும். எட்டாக இருந்திருந்தால் அவள் நூற்றெண்பத்து நான்கு என்பது அவன் முகத்தில் வரிவரியாக ஓடியதை ரோண்டா பார்த்தாள். பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான்.

எல்லாரும் சில்லிப் பக்கம் போன பிறகு, அவள் வண்டியில் துப்பாக்கியை ஏற்றும்போது ஹார்லன் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இங்க பாரு ரோண்டா. குடும்பத்துக்குள்ள என்ன. அது என்னோட குண்டுன்னு உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்புறம்?"

"காத்து அடிக்குது ஹார்லன், அங்க இருக்கிறவங்களுக்குக் கேக்காது. சத்தமா சொல்லு. வேணும்னே லூசா விட்டேன்னு சொன்னியே, அந்தச் சத்தத்துல சொல்லு. நானே வெண்டெல்கிட்டப் போய் அட்டையைத் திருத்தச் சொல்றேன். இடம் உனக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் வாயைத் திறந்தால் பன்னிரண்டாவது வருஷமும் தண்ணீர் தூக்க வேண்டியதுதான்.

ஹார்லன் மேஜைப் பக்கம் திரும்பினான். முப்பது பேரும் தட்டும் கையுமாக நின்றார்கள். இந்தப் பக்கம் பார்த்து டுவைட் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். ஹார்லன் தொண்டையைச் செருமினான். நெஞ்சை நிமிர்த்தினான். வாயைக்கூடத் திறந்தான்.

"சில்லி ஆறிடும்" என்று சொல்லிவிட்டு, மேஜையை நோக்கி நடந்தான்.