முப்பத்திரண்டு ஆம்பியர்

ருக்குமணி தன் கணவன் லோகேஸ்வரனை "என்னங்க" என்று கூப்பிடுவாள். மாமன் மகன் முத்துக்குமாரை "அத்தான்" என்பாள். முறை அதுதான் என்று கணவனுக்கும் தெரியும். ஆனால் "அத்தான்" என்னும்போது அவள் குரலில் வரும் குழைவு "என்னங்க"வில் இல்லை என்று அவனுக்குப் பட்டது.

முத்துக்குமாருக்குப் பட்டர்வொர்த்தில் வீடுகளுக்கு ஒயரிங் செய்து கொடுக்கும் குத்தகை வேலை. பாலம் தாண்டி கெலுகோரில் இவர்கள் வீட்டுக்கு வந்தால், வாசலில் கார் நிற்பதற்கு முன்பே அவன் சிரிப்பு வீட்டுக்குள் வந்துவிடும்.

ருக்குமணி வீட்டிலேயே கேக் செய்து விற்றாள். சில நாட்களாக, கேக் வேகும்போதே மின்னடுப்பு அணைந்துபோனது.

"அத்தான கூப்பிடவா? கரண்ட் பெட்டி பழசு, மாத்தணும்னு அவரு போன வாரமே சொன்னாரு."

"போன வாரமா? எப்பப் பேசின?"

"போன்லதான்லா. பொறந்தநாளுக்கு கேக் கேட்டாரு."

"அவன் பொறந்தநாளு உனக்கு ஞாபகம் இருக்கு."

"ஐயோ, கேக் கேட்டதே அவருதானே!"

"யாரும் வர வேணாம். நானே பாத்துக்குறேன்."

சுவரிலிருந்த மின்பெட்டியில் வரிசையாகச் சின்னச் சுவிட்சுகள். அவற்றுக்குப் பெயர் பிரேக்கர். பிரேக்கர் அடுப்பைக் காப்பாற்ற வைத்தது என்று பலர் நினைப்பார்கள். அது காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்காகும். சமையலறை ஒயர் இருபது ஆம்பியர் தாங்கும். மின்னடுப்பு பத்து, கெட்டில் பத்து, ஏர் ஃபிரையர் ஏழு என்று மூன்றும் சேர்ந்து இருபத்தேழு கேட்டன. பிரேக்கருக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு இருக்கிறது. சூடேறினால் அது வளையும். வளைந்ததும் கொக்கி விடுபட்டு மின்சாரம் நிற்கும். ஆக, அது பழுதாகவில்லை. தன் வேலையைத்தான் செய்தது. அடுப்புக்குத் தனி ஒயர் இழுக்கலாமென்றால் பெட்டியில் காலி இடம் இல்லை. விளக்கும் மின்விசிறியும் மட்டும் இருந்த காலத்துப் பெட்டி அது. அறையைக் குளிராக்கும் ஏர்கோன் கிளம்பும்போதெல்லாம் கூடத்து விளக்கு மங்கியது. பெட்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பதற்கு இதற்குமேல் அடையாளம் வேண்டியதில்லை.

லோகேஸ்வரனுக்கு இவற்றிலெல்லாம் முத்துக்குமாரின் முகம்தான் தெரிந்தது.

கடையில் முப்பத்திரண்டு ஆம்பியர் பிரேக்கர் ஒன்று வாங்கினான். மெயினை அணைத்துவிட்டு, இருபதைக் கழற்றி அதை மாட்டினான். அடுப்பு அதன்பின் அணையவே இல்லை.

"பாத்தியா?"

"கெட்டிக்காரர்தான் நீங்க," என்றாள் ருக்குமணி. அந்த வாரம் முழுக்க அவள் வாயில் அத்தான் வரவில்லை. அவன் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்தான்.

சனிக்கிழமை மதியம் கருவாடு வறுப்பதுபோல் ஒரு வாடை வந்தது. வீட்டில் கருவாடு இல்லை. சமையலறைச் சுவரின் பிளக் பாயிண்ட் கருகிப் பழுப்பாகியிருந்தது. அதன்மேல் சுவரைத் தொட்ட லோகேஸ்வரன் கையை இழுத்துக்கொண்டான். ஓடிப்போய் மெயினை அணைத்தான். ருக்குமணி அவனைக் கேட்காமலேயே போனை எடுத்தாள்.

முத்துக்குமார் வந்து பெட்டியைத் திறந்தான். பழுப்பேறிப்போன பிரேக்கர்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வெள்ளைவெளேரென்று இருந்தது. அதன் எண்ணைப் படித்தான். லோகேஸ்வரனைப் பார்த்தான். பிறகு ருக்குமணி பக்கம் திரும்பினான்.

"பழைய பெட்டி ருக்கு, இப்படித்தான் ஆகும்."

சொல்லிவிட்டு லோகேஸ்வரனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். தன்னைக் காப்பாற்றும் அளவுக்கு இவன் யார்?

"நான்தான் மாத்துனேன்," என்றான் லோகேஸ்வரன். "முப்பத்திரண்டு போட்டேன்."

"எதுக்குங்க?"

"இவரு வரக்கூடாதுன்னு."

முத்துக்குமார் சிரித்துவிட்டான். "தம்பி, அதுக்கு வீட்டையே கொளுத்தணுமா? ஒரு வார்த்த சொன்னா நான் ஆள அனுப்பியிருப்பேன்லா!"

ருக்குமணி சிரிக்கவில்லை. "அந்தச் சுவத்துக்குப் பக்கத்துல தெனமும் நின்னது நான்," என்றாள்.

"அத்தான், புதுப் பெட்டி போடுங்க. அடுப்புக்குத் தனி ஒயர் இழுங்க. ஆளு வேணாம், நீங்களே வந்து செய்யுங்க."

"திங்கள், செவ்வாய், ரெண்டு நாள் ஆகும். தம்பி வேலைக்குப் போயிடுவாரே, பரவாயில்லையா?"

"பரவால்ல. நான் இருக்கேன்ல?"

லோகேஸ்வரன் வாசலுக்குப் போய்த் தான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் போன் செய்தான். திங்களுக்கும் செவ்வாய்க்கும் லீவு கேட்டான்.