முகம் சாரின் வயிற்றுவலி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை; அக்காவிடமிருந்து சுட்டது. அவள் அறுவை சிகிச்சை மருத்துவர். ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்டுக்கொண்டே, சிரித்துச் சிரித்துப் புரையேற இதைச் சொன்னாள். கை கழுவுவதற்குள் எழுதுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

"எழுது. ஆனா அவரை மகான் ஆக்கிடாதடா," என்றாள்.

முதல் வரியிலேயே ஆக்கிவிட்டேன்:

[எண்ணற்ற உயிர்களைக் காத்த அந்தப் பொற்கரங்கள் இன்று நடுங்கி—]

கை நடுங்கவே இல்லையாம். அடித்தாயிற்று.

[மருத்துவம் என்பது ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை—]

இதை நானே அடித்தேன். பிரிவு உபசார விழா மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. பேசாமல் நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

2

அக்காவின் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'முகம் சார்'. நோயாளியின் வயிற்றை அழுத்தும் மாணவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் வார்டே அதிரும்.

"அங்க என்ன படமா ஓடுது? முகத்தைப் பாரு! வாய் 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லும். முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது!"

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: இதனால் அத்தான் படும் பாடு தனிக் கதை. "சமையல் பிரமாதம்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அக்கா அவர் முகத்தைத்தான் பார்ப்பாள்.)

ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் கழித்து, முகம் சார் வயிற்றுவலியோடு அக்காவின் மருத்துவமனைக்கு வந்தார். வரும்போதே தன்னைத் தானே பரிசோதித்து முடித்திருந்தார்.

"வாயுதான். மாத்திரை குடுங்க, கிளம்பறேன்."

கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவர்களிடம் படித்தவர்கள். "சரிங்க சார்" என்றது கூட்டம். அக்கா பட்டும் படாமல் தொட்டுப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏன்க்கா, நல்லா அழுத்திப் பாத்திருக்கலாமே?"

"அவர் வயித்தையா? இப்பவும் ஃபெயில் ஆக்கிடுவாரோன்னு பயம்டா."

3

இப்போது பயிற்சி மருத்துவர் வருகிறாள். முதல் பிரதியில் அவளை ஒல்லியாக, மிரண்ட கண்களோடு எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, "யாருடா இது? அவ வாசல்ல வந்தாலே கடைசிக் கட்டிலுக்குக் கேக்கும்," என்றாள். ஆகவே சத்தமாகவே வருகிறாள். கூட்டம் கலைந்த பிறகு பணிக்கு வந்தவள். படுத்திருப்பது யாரென்று அவளுக்குத் தெரியாது.

"தாத்தா, எங்க வலிக்குது?"

"பாத்தாச்சும்மா. வாயு."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

"நீங்க டாக்டரா?"

"ஒரு காலத்துல."

"அப்ப கண்டிப்பா பாக்கணும். டாக்டருங்கதான் சொன்ன பேச்சே கேக்க மாட்டாங்க."

கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அடிவயிற்றின் வலப்பக்கம் மெதுவாக அழுத்தி, சட்டென்று கையை எடுத்தாள். பார்வை அவர் முகத்தில். அது கல்லாக இருந்தது. எங்கே பார்ப்பார்கள் என்று தெரிந்த மனிதர். அந்தக் கதவை முன்கூட்டியே சாத்தி வைத்திருந்தார். ஆனால் போர்வைக்கு வெளியே கால் விரல்கள் சுருண்டன.

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் கால் விரல் ஏன் சுருண்டுச்சு?"

அவர் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஏன் தாத்தா மறைக்கிறீங்க?"

அவர் குரல் இறங்கி வந்தது. "பயமா இருக்கும்மா. எத்தனையோ வயித்தைத் திறந்திருக்கேன். எனக்குன்னு வரும்போது..."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படறது உங்க வேலை. பாத்துக்கறது எங்க வேலை. இருங்க, மேடத்தைக் கூப்பிடறேன்."

4

குடல்வால் வீங்கி, வெடிக்கிற நிலையில் இருந்தது. வாயு என்று வீட்டில் போய்ப் படுத்திருந்தால் ஆளே நமக்கு மிஞ்சியிருக்க மாட்டார். அக்காதான் அறுவை செய்தாள். மயக்க மருந்து ஏற ஏற, தையல் எப்படிப் போட வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டே தூங்கிப்போனார்.

தேறி எழுந்து உட்கார்ந்ததும் அக்காவைக் கூப்பிட்டார்.

"காலைப் பாக்கச் சொல்லி நீதான் அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல சார். முகம் வரைக்கும்தான் சொன்னேன்."

"நானும் உனக்கு அது வரைக்கும்தானே சொன்னேன். அப்ப மிச்சம்?"

"அவளேதான் சார்."

அவர் சிரித்தார். தையல் இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்று மறுபடியும் சிரித்தார்.

5

பிறகு அந்தப் பெண்ணைத் தனியாக அனுப்பச் சொன்னார். அதற்குள் அவர் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தமில்லாமல் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே அவர் என்ன சொன்னார்? நான் எழுதிப் பார்த்தேன்:

["நீதான் என் உண்மையான வாரிசு, மகளே."]

"அவர் வாயில இந்த வசனமெல்லாம் வராது."

["வந்ததும் உன் பேரைச் சொல்ல மாட்டியா? யாரு உனக்குப் பாஸ் போட்டது?"]

"இது வரும்," என்றாள் அக்கா.

"ஆனா அவ வாயெல்லாம் பல்லா வெளிய வந்தான்னு சொன்னியே. திட்டு வாங்கிட்டா அப்படிச் சிரிப்பாங்க?"

"அவர்கிட்ட வாங்கினா சிரிப்போம்டா."

அக்கா அந்தப் பெண்ணிடமே கேட்டும் பார்த்தாளாம். "அது எனக்கு மட்டும் மேடம்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாளாம்.

எனக்கும் அதற்கு மேல் தெரியாது. உங்களுக்கும் யாராவது ஏதாவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சொல்லிக்கொடுத்தவர் வாயால் ஒரே ஒரு தடவை கேட்க ஆசைப்பட்டு, கேட்காமலே போன ஒரு வாக்கியமும் இருக்கும். இடம் விட்டிருக்கிறேன். அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.

முகம் சார் சொன்னார்: "............................"