அரக்கியின் வைத்தியம்

அரக்கருக்குக் குணப்படுத்தும் மந்திரம் கிடையாதாம். யார் எழுதி வைத்தது? என் கொழுந்தன். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலிக் கிடங்கில் வேஷம் கட்டிக்கொண்டு ஸ்பாஞ்ச் கத்தியால் அடித்துக்கொள்ளும் எங்கள் கூட்டத்துக்கு அவன்தான் நடுவர், சட்டம், விசில் எல்லாம். வெண்குலத்தார் பாடினால் காயம் ஆறும். பாறைக்குலத்தார் சுத்தியலால் தட்டினால் சுவர் எழும்பும். அரக்கர் சாம்பலைத் தூவிச் சபிக்கலாம், அவ்வளவுதான்.

நான் எப்போதும் அரக்கி. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "உங்களுக்கு மேக்கப்பே வேண்டாம் அண்ணி" என்று சிரித்தான். வெண்குல ராணியான என் நாத்தனாரும் கூடச் சேர்ந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள் நான். வீறிட்டு அழும் குழந்தைகூட என் கையில் அடங்கும். அந்தக் கைக்குச் சாபம் மட்டும்தான் வருமாம்!

போன ஞாயிறு ஆட்டத்தில் அரக்கரும் ராணியின் அணிதான். பாதி ஆட்டத்தில் அவள் அடிபட்டு விழுந்தாள். பாடிக் காப்பாற்ற வேண்டிய வெண்குலத்தார் எல்லாரும் ஏற்கெனவே செத்துப்போய், படுத்தபடி செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் மண்டியிட்டு, இடுப்புப் பையிலிருந்த சாம்பலை அள்ளி அவள் தோளில் வைத்து அழுத்தினேன்.

"எரிஞ்சு முடிஞ்ச இடத்துல மறுபடி நெருப்பு பிடிக்காது. உன் காயம் எரிஞ்சு முடிஞ்சிருச்சு. எந்திரி."

விசில் பறந்தது. "அண்ணி, செல்லாது! அரக்கருக்கு அந்த சக்தி இல்ல."

"யாரு சொன்னா?"

"நான்தான் எழுதினேன்."

"எழுதின நீ அரக்கனா?"

எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மந்திரத்தை யார் மேல் போடுகிறோமோ, அவர் அது பலித்ததாக நடித்தால்தான் அது மந்திரம். அதனால் எல்லார் கண்ணும் நாத்தனார் மேல் போனது. அவள் அசையாமல் கிடந்தால் நான் சொன்னது வெறும் கத்தல். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏய், படு! நீ செத்துட்ட!"

"போடா. வலி போச்சான்னு எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

"அப்போ ஆட்டத்தை விட்டு வெளிய போ."

அவள் போகவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். மூலையில் செத்துக் கிடந்த பாறைக்குல வேஷம் கட்டிய தச்சர் செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"அரக்கியம்மா, இந்தப் பக்கமும் கொஞ்சம் வாங்க. எனக்கு இடுப்புல வெட்டு."

வெண்குலத்தார் பக்கமும் ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. கொழுந்தன் விசிலை ஊதிக்கொண்டே இருந்தான், யாரும் திரும்பவில்லை.

"எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு யாரை வெச்சு ஆடப் போற?" என்று கேட்டுவிட்டு, தச்சரின் இடுப்பைப் பார்க்கப் போனேன்.