செருப்பைப் பருப்பாக்கியவர்கள்

ஆட்டம் சூடுபிடித்திருந்தபோது எதிரணிக்காரன் ஒருவனுக்கு நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். உடனே ஒலிபெருக்கியில் பாடகியின் இளவயதுக் குரல் எழுந்தது. "இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போ..." ஒரு காலத்தில் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்த பாட்டு. அரங்கமே எழுந்து நின்று, தலைகுனிந்து வெளியேறியவனைப் பார்த்து விரலை ஆட்டியபடி கூடவே பாடியது. அடுத்த வரி, "உன் செருப்பு வாசல்ல காயுது." அதை அவர்கள் "உன் பருப்பு இங்க வேகாது" என்று மாற்றியிருந்தார்கள்.

"பாத்தீங்களா அத்தை, இன்னிக்கும் உங்க பாட்டுதான்" என்றான் மருமகன். இதைக் காட்டத்தான் அந்தப் பாடகியை வற்புறுத்தி அழைத்து வந்திருந்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமலே இறந்துபோன மாதத்தில் அவள் எழுதிய பாட்டு அது. மழையில் நனைந்த தங்கையின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க வீட்டில் ஒருவருக்கும் கை வரவில்லை.

மருமகன் தடுக்கத் தடுக்க, படியேறி அறிவிப்பாளரின் கண்ணாடி அறைக்குப் போனாள். அடையாளம் கண்டு அவர் பதறி எழுந்தார். வேறு எத்தனையோ பாட்டுப் போட்டுப் பார்த்ததாகவும், எதுவும் கூட்டத்தின் வாயில் ஒட்டவில்லை என்றும் சொன்னார். சிலவற்றின் உச்சத்தை யாராலும் எட்ட முடியவில்லை. சிலவற்றில் மூச்சு விடவே நேரமில்லை.

"உங்க பாட்டுல முதல் வரி முடிஞ்சதும் கொஞ்சம் நிறுத்துறீங்க இல்லக்கா? அங்கதான் ரெண்டு தட்டு தட்டுறாங்க. இடம் கெடைச்சா ஜனங்க ஏறிக்குவாங்க."

"நான் எங்க நிறுத்தினேன்? தொண்டை அடைச்சுக்கிச்சு. செத்துப்போனவளை நெனைச்சுப் பாடினேன்யா."

அவர் முகம் தொங்கிப்போனது. இனிப் போடவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார். சற்று நேரத்தில் எதிரணியின் இன்னொருவன் நொண்டிக்கொண்டே வெளியேறியபோது ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை. கூட்டம் தானாகவே பாடியது. அவள் விம்மிய அதே இடத்தில் நிறுத்தி, இரண்டு தட்டுத் தட்டி, பருப்புக்குப் போனது.

அவள் மைக்கைப் பிடுங்கினாள். "அது பருப்பு இல்ல, செருப்பு. செத்துப்போன என் தங்கச்சியோட செருப்பு."

அவள் சொன்னதன் முதல் பாதிக்கு அரங்கம் கொல்லென்று சிரித்தது. இரண்டாம் பாதி எத்தனை பேர் காதில் விழுந்ததோ தெரியாது. முன்வரிசையில் மட்டும் சிலர் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது.

அடுத்த ஆட்டத்துக்கு மருமகன் தனியாகத்தான் போனான். திரும்பி வந்தவன் செய்தியைச் சொல்லத் தயங்கினான். அவள் மகள் அதட்டிய பிறகு சொன்னான். இப்போது வார்த்தையைத் திருத்திப் பாடுகிறார்களாம். அந்த வரி வந்ததும் ஆளாளுக்குச் செருப்பைக் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டுகிறார்களாம்.

"வார்த்தை சரியாயிடுச்சு இல்ல அத்தை?" என்றான், அவளைத் தேற்றுவதுபோல.

அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள்.