நான்காவது கன்ட்ரோலர்

கொள்முதல் பிரிவு கண்காணிப்பாளர் இருபத்திரண்டு வருடங்களில் வாங்காத பொருள் இல்லை. நாற்காலி வாங்கியிருக்கிறார், மின்விசிறி வாங்கியிருக்கிறார், ஒருமுறை நானூறு துடைப்பம்கூட வாங்கியிருக்கிறார். எல்லாம் அலுவலகத்துக்கு. மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டு, நீளத் தாளில் கட்டம் போட்டு எழுதி, எது உசத்தி எது மட்டம் என்று குறித்து, கடைசியில் தன் பரிந்துரையையும் கையெழுத்தையும் போட்டு மேலே அனுப்புவார். வேலை படு சுத்தம். ஒரே ஒரு உறுத்தல்தான். எதை வாங்குவது என்பது மேலே முதலிலேயே முடிவாகியிருக்கும். மேலாளர் கூப்பிட்டு, "இந்தக் கம்பெனி நாற்காலி நல்லா இருக்குல்ல?" என்பார். அதற்கப்புறம்தான் இவர் விலைப்புள்ளி கேட்கவே உட்காருவார்.

நிபந்தனைகளை எழுதுவதும் இவர்தான். "கைப்பிடி பத்தொன்பது டிகிரி வளைந்திருக்க வேண்டும்" என்று எழுதுவார். மேலாளருக்குப் பிடித்த கம்பெனியைத் தவிர வேறு எவன் நாற்காலியும் அந்த டிகிரியில் வளையாது. விடையைக் கையில் கொடுத்துவிட்டுக் கணக்கைப் போடச் சொன்னால் எந்த மடையனும் போடுவான். அவர் மடையன் இல்லை, அதுதான் அவருடைய கஷ்டம்.

அதனால்தான் பிள்ளைகள் நால்வரும் வீடியோ கேம் பெட்டி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, அவர்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம் அதிகம். மேலாளர் எட்டிப் பார்க்க முடியாத ஒரு கொள்முதல்! ஓய்வுபெற இன்னும் ஆறு வருடம். அதற்குள் ஒரே ஒரு பொருளையாவது, நாலையும் விசாரித்து, நியாயமாக யோசித்து, தானே முடிவெடுத்து வாங்கிவிட வேண்டும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆசை நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது உண்மை.

முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் முதல் கூட்டம் கூடியது.

"இது ஜனநாயக முறையில நடக்கும்," என்றார். "எல்லாரும் கருத்து சொல்லலாம். அலசி ஆராய்ஞ்சு கடைசி முடிவை நான் எடுப்பேன்."

"எவ்ளோ நாள் ஆகும்?" என்று பதினொரு வயது இரட்டையரில் ஒருவன் கேட்டான்.

"ஆகும்ப்பா?" என்று மற்றவன் முடித்தான். அவர்கள் ஒரு வாக்கியத்தைக்கூடப் பங்கு போட்டுத்தான் பேசுவார்கள்.

"மூணு வாரம்."

இரட்டையருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பதினைந்து வயதுப் பெரியவள் மட்டும், "நல்ல விஷயம்ப்பா. அவசரப்படவே கூடாது," என்றாள். ஆறு வயதுக் கடைக்குட்டி, "எனக்கும் தருவாங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் அவர் மனதைத் தொட்டது. உடனே தாளை இழுத்து முதல் நிபந்தனையைத் தன் கையாலேயே எழுதினார்: நான்கு பிள்ளைகளுக்கு நான்கு கன்ட்ரோலர். அடியில் இரண்டு கோடு. "இதுல மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்," என்றார். மற்ற நிபந்தனைகளை எழுதும் பொறுப்பைப் பெரியவளிடம் கொடுத்தார்.

அவர் மனைவி அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தார். பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் அவருக்கு வேலை. பல்வலிக்காரர்களிடம், "எப்ப வர்றீங்க?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அவர்கள் அடுத்த வருடம் வருவார்கள். "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வர்றீங்களா, பத்தரைக்கு வர்றீங்களா?" என்பார். வந்தவர் பத்தரை என்று சொல்லிவிட்டு, அரைமணி நேரம் தள்ளிப்போட்ட பெருமையோடு வீட்டுக்குப் போவார். கணவரும் இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நாலு பேரிடம் மெச்சிச் சொல்லியிருக்கிறார். அது ஆஸ்பத்திரியோடு நின்றுவிடும் என்று நினைத்தார், பாவம்.

அடுத்த இரண்டு வாரம் மனிதர் தரையில் நிற்கவில்லை. அலுவலகம் முடிந்ததும் கடை கடையாக ஏறி இறங்கினார். விற்பனைப் பையன்கள் வாய் ஓயப் பேசினார்கள். இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் மூன்று தேறின. வெள்ளைப் பெட்டி ஒன்று, கறுப்புப் பெட்டி ஒன்று, கையிலேயே வைத்து விளையாடும் சின்னது ஒன்று. அவருக்குக் கறுப்பின் மேல்தான் கண். ஆளும் கம்பீரமாக இருந்தது, சத்தமும் குறைவு.

பதினைந்தாம் தேதி பெரியவள் நிபந்தனைப் பட்டியலைக் கொண்டுவந்து வைத்தாள். எட்டு நிபந்தனை, அழகான கையெழுத்து. ஆறாவது நிபந்தனை: டி.வி. மேசையின் கீழ்த்தட்டில் அடங்க வேண்டும், உயரம் இத்தனை செண்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தட்டை அளந்து எழுதியிருக்கிறாளே என்று அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, என் பொண்ணு!" என்று மனைவியிடம் தாளைக் காட்டினார். அந்த ஆறாவது நிபந்தனையில் கறுப்பு அடிபட்டுப் போனது. வருத்தம்தான். ஆனால் விதி என்றால் விதி. தனக்குப் பிடித்ததையே தள்ளிவிட்ட நேர்மையில் அவருக்கு மார்பு கொஞ்சம் விரிந்தது. சின்னது, நாலு பேர் ஒரே நேரத்தில் விளையாட முடியாது என்பதில் விழுந்தது.

இருபத்திரண்டாம் தேதி கடைசிக் கூட்டம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிப்பதற்குள் மனைவி கேட்டார்:

"என்னங்க, வெள்ளைய டி.வி.க்கு இடது பக்கம் வெக்கலாமா, வலது பக்கமா?"

அவர் யோசித்தார். எழுந்து போய் மின் இணைப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். "இடது பக்கம்," என்றார், அழுத்தமாக.

"சரி, நீங்க சொன்னா சரிதான். என் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலதான் கடை. நாளைக்கு வரும்போது நானே வாங்கிட்டு வந்துடறேன்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் கூட்டக் குறிப்பு எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் மனசாரப் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

பெட்டி வந்து ஒரு மாதம் வீடு கலகலப்பாக இருந்தது. அதுவரை ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரே சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், கத்தினார்கள், ஒருவரையொருவர் கிள்ளினார்கள். நடுவில் கடைக்குட்டி, கையில் நான்காவது கன்ட்ரோலர். கார் பந்தயம்தான் அவர்களுக்குப் பிடித்தது. அலுவலகத்தில் மேலாளர் இம்முறை அலமாரிக் கம்பெனி ஒன்றைச் சிலாகித்தபோதுகூட இவருக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் நான் ஒரு பெட்டி தேர்ந்தெடுத்தேன், வந்து பார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குட்டியின் கார் பச்சை. அது முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்குட்டிக்கு முடி அவிழ்ந்தது. கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முடியைக் கட்டினாள். பச்சைக் கார் ஒரு மோசமான வளைவை அலுங்காமல் குலுங்காமல் திரும்பிப் போனது.

வந்து இறங்கும் சரக்கைச் சரிபார்த்தே பழகிய கண்ணுக்கு அது போதும். மற்ற மூன்று கன்ட்ரோலரிலும் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. இதில் இல்லை. பச்சைக் காரைப் பெட்டியே ஓட்டிக்கொண்டிருந்தது.

'பழுதான சாமானைத் தலையில கட்டிட்டான்!' அவருக்குச் சுர்ரென்று ஏறியது. அதுவும் எதில்? இரண்டு கோடு போட்ட நிபந்தனையில்! பந்தயத்தைக் கெடுக்காமல் எழுந்து படுக்கையறைக்குப் போனார். வாரண்டி இருக்கும், கடைக்காரனை ஒரு கை பார்த்துவிடலாம். அட்டைப்பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதற்கு முன்னால் துணிக்கடைப் பை ஒன்று. வாய் பிளந்திருந்த பைக்குள் நீலத்தில் கோடு போட்ட துணி. அதைத் தள்ளி வைத்துவிட்டு அட்டைப்பெட்டியை இறக்கினார். பில் உள்ளேயே இருந்தது.

பெட்டி ஒன்று. கன்ட்ரோலர் மூன்று.

மறுபடியும் படித்தார். மூன்றுதான். அப்படியானால் அந்த நான்காவது எங்கிருந்து வந்தது? இரட்டையர், கூடப் படிக்கிறவன் வீட்டில் குப்பைக்குப் போக இருந்த ஏதோ ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. பிறகுதான் பில்லின் மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. ஆறாம் தேதி.

கடைசிக் கூட்டம் இருபத்திரண்டாம் தேதி. அவர் கடை கடையாக ஏறி இறங்கியபோது, கறுப்பா வெள்ளையா என்று தூக்கம் கெட்டபோது, கட்டம் போட்டபோது, பெட்டி இதே அலமாரியில் போர்வைகளுக்குப் பின்னால் படுத்திருந்திருக்கிறது.

ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். டி.வி. மேசையின் கீழ்த்தட்டை அளந்தார். பட்டியலில் இருந்ததைவிடத் தட்டு நாலு விரல் உயரம் அதிகம். கறுப்பு தாராளமாக உள்ளே போயிருக்கும். வெள்ளைப் பெட்டியை அளந்தார். பட்டியலில் இருந்த அதே எண். பெரியவள் தட்டை அளக்கவில்லை, பெட்டியை அளந்திருக்கிறாள். பத்தொன்பது டிகிரி! யார் பெண்? அந்த நிலையிலும் கால் நொடி அவருக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஆபீஸில் ஒரு மேலாளர்தான். வீட்டில் நாலு பேர்.

"என்னப்பா அளக்கறீங்க?" என்றாள் பெரியவள், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சும்மாதான்."

பந்தயம் முடிந்தது. பச்சைக் காருக்கு இரண்டாமிடம். "சூப்பர் குட்டி!" என்று எல்லோரும் கடைக்குட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு ஓடினார்கள். இன்றைக்குச் சும்மா விடுவதில்லை என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். சட்டைப்பையில் பில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் கூட்டத்தைக் கூட்டி, எல்லோர் முகத்திரையையும் கிழித்துவிடலாம். ஆனால் இந்தக் குழந்தைக்கு முதலில் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவர் சோபாவின் அருகில் குந்தினார்.

"குட்டி, அப்பா ஒண்ணு சொன்னா அழக் கூடாது. இந்த கன்ட்ரோலர் இருக்குல்ல, இது வேலை செய்யலம்மா."

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"பச்சைக் கார் தானா போகுது. அவங்க என்னை ஏமாத்தறாங்க."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாள்லேர்ந்து."

"அப்புறம் ஏன் அழுத்திக்கிட்டே இருக்கே?"

கடைக்குட்டி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "தெரியும்னு சொன்னா, 'நீ சின்னப் பொண்ணு, போய் படம் வரை'ன்னு அனுப்பிடுவாங்க. இது கையில இருந்தா நடுவுல உக்காரலாம். நான் ஜெயிச்சா எல்லாரும் கைதட்டுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கப்பா."

அவருக்குக் கண் கலங்கியது. குழந்தைக்காகத்தான் என்று தன்னையே நம்பவைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை.

இரட்டையரும் பெரியவளும் திரும்பி வந்து சோபாவில் விழுந்தார்கள். பின்னாலேயே கையைத் துடைத்துக்கொண்டு அவர் மனைவி.

"என்னங்க, ஹால் ஜன்னலுக்குத் திரைச்சீலை மாத்தணும்னு சொன்னீங்கல்ல?"

அவர் சொல்லவே இல்லை.

"நீலத்துல கோடு போட்டதை நெருக்கமா சுருக்கம் வெச்சுத் தைக்கச் சொல்லலாமா, தாராளமாவா? நீங்கதான் பாத்து முடிவு பண்ணணும்."

அலமாரியின் மேல் பார்த்த துணிப்பை அவர் கண்முன்னால் வந்து நின்றது. "மஞ்சள்," என்று சொன்னால் என்ன ஆகும்? சொல்லித்தான் பார்க்கலாமே. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கை சட்டைப்பையில் இருந்த பில்லைத் தொட்டது. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். டி.வி.யில் அடுத்த பந்தயத்துக்கான கார்கள் வரிசையாக நின்றன. கடைக்குட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, விளக்கெரியாத கன்ட்ரோலரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

பில்லை நாலாக மடித்துப் பையின் அடியில் தள்ளினார்.

"நெருக்கமா இருந்தா வெயில் தாங்கும்," என்றார். "எதுக்கும் மூணு கடையில விசாரிச்சிடறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுவோம்."

"உங்க இஷ்டம்ங்க," என்றார் மனைவி. பெரியவள், "நிபந்தனையெல்லாம் நான் எழுதறேன்ப்பா," என்றாள்.

கடைக்குட்டி கொஞ்சம் நகர்ந்து, சோபாவின் நடுவில் தனக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டாள்.