உள்பக்கத்துப் பெயிண்ட்

கலேபுக்கு ஒரு வேலையை முடிக்கத் தெரியாது என்பது அவன் மனைவி யூனிஸின் குற்றச்சாட்டு. கலேபைக் கேட்டால், முடிந்த வேலை என்று ஒன்று இருப்பதையே அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பதினெட்டு வருடமாகத் தரம் பார்க்கிறவன். அவன் டிக் அடித்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டிகூட லாரி ஏறாது. அந்த மிடுக்கை ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் என்ன? வர மாட்டான். அல்வால் வீட்டில் பல்பு மாற்றினால்கூட அதற்கொரு தாள் போட்டு டிக் அடிப்பான்.

வண்டி யூனிஸுடையது. 1952இல் இங்கிலாந்தில் செய்த டிரையம்ப் மோட்டார் சைக்கிள். பக்கத்துத் தெருவில் இருந்த ரிடையர் ஆன கர்னலிடம் ஓடாமல் கிடந்ததைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினாள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பதினாறு வயதில் அண்ணன் ஐசக்கின் புல்லட்டைத் திருட்டுத்தனமாக ஓட்டி அப்பாவிடம் உதை வாங்கியவள். இப்போது வயது நாற்பத்திரண்டு, மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இருநூறு கேப் ஓட்டுபவர்களை மேய்க்கிற வேலை. கிறுக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. கலேப் ஓட்டுவது ஆக்டிவா. கியர் வண்டியைத் தொட்டாலே அவனுக்கு வியர்த்துவிடும்.

இஞ்சின் வேலையை மெக்கானிக் மூன்று வாரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார். ஹாண்டில்பாரில் இருக்கிற சாமான்களை மட்டும் நான் செய்கிறேன் என்று கலேப் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஹாரன் பட்டன், லைட் ஸ்விட்ச், இரண்டு லீவர், கட்-அவுட் பட்டன். இந்த வண்டிக்குச் சாவி கிடையாது. கட்-அவுட் பட்டனை அழுத்தினால்தான் இஞ்சின் நிற்கும். எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டுத் தட்டில் அடங்கிவிடும். அதற்கு ஏழு மாதம் எடுத்துக்கொண்டான்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை அழகு. பழைய பெயிண்டைக் கரைத்து, பித்தளையை எமரித் தாளால் தேய்த்து, கறுப்பு எனாமல் அடித்து, யூனிஸ் கேக் செய்கிற ஓவனில் வைத்துச் சுட்டெடுத்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேக்கில் தின்னர் வாசம் அடித்தது. வீட்டுக்கு வந்த பாஸ்டர் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் அந்தக் கறுப்பில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. மறுநாள் பழைய வண்டிகளின் ஊர்வலம். அதற்கு முன்னால் மல்லாபூரில் இருக்கும் அண்ணன் வீடுவரை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று யூனிஸ் ஹெல்மெட்டோடு வந்து நின்றாள்.

"எல்லாம் செக் பண்ணியாச்சா?"

"பதினாலு ஐட்டம். பதினாலும் டிக்."

"ஹவ்," என்றாள் யூனிஸ். ஊர் உருதுவில் சரி என்று அர்த்தம், ஆனால் அந்த ஹவ்வில் நம்பிக்கை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. கலேபுக்கு அது உறைக்கவில்லை.

"ஆக்சிலரேட்டர் மட்டும் கொஞ்சம் டைட்டு. பார்ல புது குரோமியம் தடிப்பா போட்டுட்டாங்க. திருகினா சில டைம் திரும்பி வராம அப்படியே நிக்கும். ஓட ஓட சரியாயிடும். நடுரோட்ல மாட்டிக்கிச்சுன்னா பயப்படாத. வேற எதுவும் பண்ணாத. கட்-அவுட்டை அழுத்து, அவ்ளோதான். இஞ்சின் ஆஃப்."

"கைக்கு, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? மல்லாபூர்தானே போறேன்."

ஒரே மிதியில் வண்டி கிளம்பியது. கேட்டுப் பக்கம் ஒரு நிமிடம் நின்றாள், அப்புறம் தெரு முனையில் சத்தம் தேய்ந்து மறைந்தது. கலேபுக்குப் பெருமை தாங்கவில்லை. டீ போட்டுக்கொண்டு, தாளைக் கோப்பில் வைக்கலாம் என்று மேசைக்கு வந்தான்.

ஒன்பதாவது வரி: கட்-அவுட் பட்டன், இஞ்சின் நிற்கிறது, டிக். தேதி பிப்ரவரி ஏழு.

ஏழு. கலேப் டீயைக் கீழே வைத்தான். ஏழாம் தேதி பார்த்தது உண்மை, அன்றைக்கு இஞ்சின் நின்றதும் உண்மை. ஆனால் பதினோராம் தேதி, பட்டனை ஹாண்டில்பாரோடு கவ்விப் பிடிக்கும் கிளிப்பின் ஓரத்தில் மயிரிழை அளவுக்குப் பித்தளை தெரிகிறதே என்று பொறுக்காமல் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பெயிண்ட் அடித்தான். இந்த முறை உள்பக்கத்துக்கும் சேர்த்து இரண்டு கோட். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விடுகிறவன் சோம்பேறி என்பது அவன் கட்சி. மறுபடி மாட்டினான், துடைத்தான், ரசித்தான். அழுத்திப் பார்க்கவில்லை. டிக்தான் ஏற்கெனவே இருக்கிறதே!

பட்டனை அழுத்தினால் மின்சாரம் கிளிப் வழியாக ஹாண்டில்பாருக்குப் பாய வேண்டும். அப்போதுதான் பிளக்கின் தீப்பொறி செத்து இஞ்சின் நிற்கும். உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். நடுவில் சுட்டெடுத்த எனாமல் இருந்தால்?

அதே ஓவனில், அதே நாளில் சுட்ட உபரி கிளிப் ஒன்று இழுப்பறையில் கிடந்தது. மீட்டரை எடுத்து இரண்டு முனையையும் வைத்தான். இணைப்பு இருந்தால் அந்தக் கருவி கீச்சென்று கத்தும். கத்தவில்லை. இடத்தை மாற்றி வைத்தான். அழுத்தி வைத்தான். அது வாயே திறக்கவில்லை.

யூனிஸின் நம்பரைப் போட்டான். படுக்கையறையில் அவள் போன் பாட்டுப் பாடியது.

ஆக்டிவாவை எடுத்துக்கொண்டு பறந்தான். ஹெல்மெட் நினைவில்லை, கதவைப் பூட்டினானா என்பதும் நினைவில்லை. லோதுகுண்டாவில் சிவப்பு விளக்கைத் தாண்டினான். பதினெட்டு வருடத்தில் ஒரு விதியை மீறாத மனிதன் லால் பஜாரிலும் தாண்டினான். கிளட்சைப் பிடித்தாலே தப்பிக்கலாம் என்பது அவனுக்குத் தெரியாமலில்லை. யூனிஸுக்கும் தெரியும். ஆனால் வேறு எதுவும் பண்ணாதே, பட்டனை அழுத்து என்று சொல்லி அனுப்பியவன் யார்? முன்னால் லாரி, கையில் நிற்காத வேகம். அவள் கட்டைவிரல் அந்தப் பட்டனைத் தேடும், அழுத்தும், நிற்காது, இன்னொரு முறை அழுத்தும். அந்த இரண்டு நொடி போதும். கர்த்தரே, கர்த்தரே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

மெட்டுகுடாவில் ஓரம் கட்டி மச்சானுக்குப் போன் செய்தான்.

"இன்னும் வரலியே மாப்ள. கைக்கு? ஏதாச்சும் பிராப்ளமா?" என்றார் ஐசக்.

"ஒண்ணுமில்ல மச்சான். சும்மா கேட்டேன்."

அவள் கிளம்பி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. யூனிஸ் ஓட்டுகிற ஓட்டுக்கு இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மச்சானிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவரும் அந்தப் பக்கமிருந்து தேடி வந்திருப்பார். சொல்ல வாய் வரவில்லை. அந்த நிலைமையிலும் மானம் பார்க்கிற தன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

தார்நாகா மேம்பாலம் இறங்கும் இடத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. ஒரு லாரி குறுக்கே நின்றது. அதன் பின்விளக்கு நொறுங்கி, சிவப்புக் கண்ணாடி ரோட்டில் சிதறிக் கிடந்தது. தாரில் நீளமாக ஒரு கறுப்புக் கோடு, டயர் தேய்த்த கோடு. கலேப் ஆக்டிவாவை ஓரத்தில் விட்டுவிட்டு ஓடினான். போக்குவரத்துக் கான்ஸ்டபிளின் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் கேட்டான், ஒரு அம்மா, பெரிய பழைய பைக்.

கான்ஸ்டபிள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இடது பக்கச் சந்தைக் காட்டினார். "அக்கட. மெக்கானிக் ஷாப்."

சந்துக்குள் ஓடினான். நாலாவது கடை வாசலில் டிரையம்ப் ஸ்டாண்டில் நின்றது. முழுசாக நின்றது. அதன் பக்கத்தில் தாடி வைத்த மெக்கானிக் பாய் ஒருவர் குனிந்து, கட்-அவுட் பட்டனின் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அரத்தால் பரபரவென்று ராவிக்கொண்டிருந்தார். கறுப்புத் தூள் பறந்தது. கிளிப்பின் விளிம்பு வரைக்கும் பித்தளை பல்லிளித்தது.

"அய்யய்யோ, சுரண்டிட்டாரே!" என்று கத்திவிட்டான் கலேப்.

அப்புறம்தான் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த யூனிஸைப் பார்த்தான். சுடிதாரின் வலது கை தோளிலிருந்து கிழிந்திருந்தது. முழங்கையில் யாரோ கைக்குட்டை கட்டிவிட்டிருந்தார்கள், அது சிவந்து நனைந்திருந்தது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சந்துக்குள் நுழைந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"யூனிஸ்," என்றான். "பட்டன்... நான் உள்பக்கம் பெயிண்ட்..."

"தெரியும். கேட் கிட்டயே அழுத்திப் பாத்தேன். நிக்கல."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பவே சொல்றதுக்கென்ன? ஏன் எடுத்துட்டு வந்த?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? கழட்டி உள்ள கொண்டு போயிருப்பீங்க. மறுபடி தேய்ப்பீங்க, மறுபடி ஓவன்ல வைப்பீங்க. இன்னும் ஏழு மாசம் என்னால ஆகாது, கலேப். பட்டன் இல்லாம ஓட்டறதே மேல்னு வந்தேன்."

"உயிர் போயிருந்தா?"

"பாலத்து மேல ஆக்சிலரேட்டர் மாட்டிக்கிச்சு. கிளட்சைப் பிடிச்சு ரெண்டு பிரேக்கும் போட்டேன். லாரியோட பின்விளக்குல தோள் இடிச்சு, ஓரத்துல கை உரசிச்சு, அவ்ளோதான். நீங்க சொன்னதை நம்பி அதை அழுத்திட்டு உக்காந்திருந்தா, நீங்க கேக்கறது நடந்திருக்கும்."

கலேபுக்குச் சொல்ல நிறைய இருந்தது. தாண்டி வந்த சிவப்பு விளக்குகள், வழியெல்லாம் கூப்பிட்ட கர்த்தர், நின்றுபோக இருந்த நெஞ்சு. எல்லாம் உண்மை. ஒன்றையும் இப்போது வெளியே எடுக்க முடியாது. எடுத்தால் மன்னிப்புக்குப் பேரம் பேசுகிற வியாபாரம் மாதிரி இருக்கும்.

பாய் கிளிப்பை மாட்டி இறுக்கினார். அந்த முரட்டு இறுக்கலைப் பார்த்துக் கலேபின் விரல்கள் தன்னால் துடித்தன. கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். பாய் கிரிப்பையும் உருவி, உள்ளே பாரை ராவி எண்ணெய் விட்டு மாட்டினார். திருகி விட்டதும் அது சட்டென்று திரும்பி வந்தது. இஞ்சினைக் கிளப்பினார். யூனிஸ் எழுந்து வந்து பட்டனை அழுத்தினாள். நின்றது. மறுபடி கிளப்பச் சொல்லி மறுபடி அழுத்தினாள். நின்றது.

"ஹோ கயா, மேடம்," என்றார் பாய்.

யூனிஸ் தலையாட்டினாள். பிறகு கலேபின் பக்கம் திரும்பினாள். கோபமாக இருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சந்துக்குள்ள வந்தீங்க இல்ல? முதல்ல என்னைப் பாத்தீங்களா, இதைப் பாத்தீங்களா?"

பொய் சொல்லலாம். பதற்றத்தில் உன்னைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் அவள் நம்பவும் கூடும், அல்லது நம்பியது போல இருந்துவிடக்கூடும். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அப்படி எத்தனையோ ஓடியிருக்கிறது.

"இதை," என்றான் கலேப்.

அவள் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினாள். அடிபட்ட கையைத் தூக்க முடியாமல், தாடைக்குக் கீழே பட்டியைப் போட இடது கையால் தடவித் தடவிப் பார்த்தாள். பட்டி வழுக்கிக்கொண்டே போனது. கலேப் ஓரடி முன்னால் வந்து, போட்டுவிடுவதற்காகக் கையை நீட்டினான்.

"நக்கோ. வேணாம்," என்றாள் யூனிஸ்.

இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஒற்றைக் கையாலேயே போட்டுக்கொண்டு, வண்டியில் ஏறி, கிக்கரை மிதித்தாள்.